கால்நடைத் தொத்து வியாதிகளைத் தேடிக் காணும் முறை

தமிழ் நாட்டுக் குடியானவர்களுள் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர் வெக்கை நோயை மறந்திருக்க மாட்டார்கள். முதலில் கடும் ஜுரம் காணும். பின்பு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். ஈறுகளிலும் நாவின் அடியிலும் தவிட்டைத் தூவினாற்போன்ற புண்கள் தோன்றும். அதன் மேல் துர்நாற்றமுள்ள கழிச்சல் கண்டு, குறிகள் தோன்றிய ஆறு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் மாடு மாண்டுவிடும். ஏர் பூட்ட ஒரு ஜோடியும் மீதியின்றித் தொழுவங்களைக் காலி செய்த இவ்வியாதி இன்று உலகில் எங்கும் இல்லை. இந்தியாவில் இது கடைசியாகக் காணப்பட்டது 1995ஆம் ஆண்டில், தமிழ் நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியிலேயாம். 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியா வெக்கை நோயற்ற தேசமென்று அங்கீகரிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் உலகம் முழுவதுமே இந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாக, மனித முயற்சியால் பூமியினின்று அறவே நீக்கப்பட்ட வியாதி இஃதொன்றே.

இது எவ்வாறு ஒழிந்தது என்று கேட்டால், ஊசி குத்தியதனால் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்விடை சரியே, ஆனால் பாதி விடைதான். ஊசி குத்தும் வேலை இந்நாட்டில் நாற்பது வருஷம் ஓயாமல் நடந்தும் வியாதி அற்றுப்போகவில்லை. வியாதி எங்கே இருக்கிறது, எவ்வழியாக வந்தது, எங்கே போகிறது என்பதை ஊர் ஊராகத் தேடத் தொடங்கிய பிறகே அது முடிவு கண்டது. இன்று ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோய் வெக்கை நோயின் நெருங்கிய உறவாகையால், அத்தேடும் முறையைக் குடியானவர்கள் தெரிந்துகொள்வது மிகவும் அவசியமாகிறது.

ஊசி மட்டும் போதாமற்போன காரணம்

இந்நாட்டில் மாட்டு வியாதிகளைப்பற்றி விசாரிக்க அமைக்கப்பட்ட கமிஷனின் அறிக்கை 1871ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1889இல் பூனாவில் ஓர் ஆராய்ச்சி சாலை தொடங்கப்பட்டு, 1893இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. ஜெர்மானிய நிபுணர் ராபர்ட் காக் 1897இல் அங்கே வந்திருந்தார். 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் எட்வர்ட்ஸ் என்பார், வெக்கைக் கிருமியை வெள்ளாட்டினுள் பலமுறை செலுத்திச் செலுத்தி அதன் கொடுமையைக் குறைத்து, மாட்டுக்குக் காப்பளிக்கும் மருந்தை அங்கேயே உருவாக்கினார். சென்னை மாகாணத்தில் 1932ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் சீரம் நிலையம் ஏற்பட்டது. இவ்வளவும் கைவசமிருக்க, 1954ஆம் ஆண்டில் தேசமெங்கும் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஊசி குத்தும் பெருந்திட்டம் துவங்கிற்று.

பலன் இல்லாமற்போகவில்லை. ஆயிரக்கணக்கான ஊர்களில் வருஷந்தோறும் தோன்றி வந்த வியாதி நூற்றுக்கணக்காகக் குறைந்தது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. காரணம் தொழுவத்தைப் பார்த்தால் விளங்கும். ஊசிக்காரர் வரும் நாளில் உழவு மாடுகளும் கறவைகளும் நிறுத்தப்படும். அவ்வருஷம் பிறந்த கன்றுகள், மேய்ச்சலுக்கு வெகு தூரம் போயிருக்கும் மந்தை, வியாபாரி கையில் சந்தை சந்தையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மாடுகள் ஆகிய இவை தப்பிவிடும். வியாதி வாழ்வதற்கு அத்தப்பியவை போதும். இத்தனை தலைகளுக்கு ஊசி குத்தியாயிற்று என்னும் கணக்கு காகிதத்தில் ஏறிற்றேயன்றி, வியாதி இன்று எந்த ஊரில் இருக்கிறது என்னும் கணக்கு எவரிடமும் இல்லை.

ஆப்பிரிக்காவிலும் இதுவே நேர்ந்தது. 1962 முதல் 1976 வரையில் அங்கே பல தேசங்கள் சேர்ந்து கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி குத்தின. வியாதி ஏறக்குறைய மறைந்தது கண்டு வேலை தளர்ந்தது. எவரும் தேடிப் பாராத இரண்டோர் மூலைகளில் தங்கியிருந்த கிருமி 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மீண்டும் கிளம்பி, கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிற்று.

சந்தை வழியே வந்த வியாதி

வெக்கை நோயின் குணங்களை அறிந்தால் தேடுவது எளிது என்பது புலப்படும். அக்கிருமி வெயிலிலும் வெளிக்காற்றிலும் நெடுநேரம் உயிரோடிராது. ஆகையால் நோயுற்ற மாடு நல்ல மாட்டின் அருகே வந்தாலன்றிப் பெரும்பாலும் தொற்றாது. பிழைத்த மாட்டுக்கு ஆயுள் முழுவதும் மறுபடி வருவதில்லை. பிழைத்தபின் அது பிற மாடுகளுக்கு வியாதியைக் கொடுப்பதுமில்லை. எனவே இவ்வியாதி ஓரிடத்தில் பதுங்கிக் கிடக்க மாட்டாது. ஒரு மாட்டினின்று மற்றொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. அச்சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் எஞ்சியது தானே அழியும்.

இங்கிலாந்து தேசத்தார் இதை மிகுந்த நஷ்டத்தின் பேரில் கற்றனர். 1865ஆம் ஆண்டில் பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த மாடுகள் ஹல் துறைமுகத்தில் இறங்கின. அவற்றுட் சில லண்டன் மாட்டுச் சந்தையில் விலையாயின. சில வாரங்களுக்குள் லண்டனைச் சுற்றியிருந்த பால் பண்ணைகளில் பசுக்கள் மடியலாயின. இதை வேற்று நாட்டினின்று வந்த தொத்து வியாதியென்று ஒரு சாராரும், கெட்ட காற்றினால் தானே உண்டாவதென்று மற்றொரு சாராரும் வாதாடிக்கொண்டிருக்க, பசு வைத்திருந்தோர் மிச்சமிருந்த மாடுகளையாவது காசாக்கிக்கொள்வோமென்று சந்தைக்கு ஓட்டினர். அம்மாடுகளோடு வியாதியும் ஜில்லா ஜில்லாவாகப் போயிற்று. 1866ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சட்டம் செய்து, மாடு நடமாட்டத்தைத் தடுத்து, நோயுற்றவற்றைக் கொன்று புதைத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் வியாதி வெகுவாக அடங்கிவிட்டது. அக்காலத்தில் வெக்கைக்கு ஊசி மருந்தே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னை மாகாணத்திலும் அதே 1866ஆம் ஆண்டில் மாட்டு வியாதிச் சட்டம் ஒன்று நிறைவேறியது.

ஊர் ஊராகத் தேடியது

1992ஆம் ஆண்டில் இந்தியாவில் வெக்கை ஒழிப்புத் திட்டம் புதிதாக வகுக்கப்பட்டபோது, தேடுதல் அதில் முதன்மை பெற்றது. தேடுதல் மூவகை. ஒன்று, கிராமந்தோறும் சென்று தொழுவங்களைப் பார்த்தும் ஊராரை விசாரித்தும் அறிவது. இரண்டாவது, மாடு ஓட்டிச் செல்லும் வழிகளிலும் சந்தைகளிலும் பார்ப்பது. மூன்றாவது, கால்நடை மருத்துவசாலைகளின் தினசரிப் புத்தகங்களைப் புரட்டி, வாய்ப்புண்ணும் கழிச்சலும் ஒருங்கே கண்டதாக எழுதியுள்ள மாடுகள் எவை, எவ்வூரைச் சேர்ந்தவை என்று எடுப்பது. இம்மூன்றாவது முறை பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் எழுதி வைத்த புத்தகம் இருந்த இடத்தில் பல நாள் அலைச்சலை அது மிச்சப்படுத்திற்று.

கிழக்கு ஆப்பிரிக்காவில் எழுதி வைத்த புத்தகமே இல்லாத மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அங்கே மந்தைக்காரரின் ஞாபகமே புத்தகமாயிற்று. வெக்கை நோய்க்கு அவரவர் பாஷையில் தனிப் பெயர் உண்டு. அப்பெயரைச் சொல்லி, கடைசியாக எப்போது கண்டீர், எந்த நீர்த்துறையில் கண்டீர், யாருடைய மந்தையில் என்று முதியோரை விசாரித்து, வியாதி தங்கியுள்ள இடங்களை நிபுணர்கள் கண்டுபிடித்தனர். எத்தியோப்பியாவில் அபார் என்னும் வறண்ட பிரதேசத்தில் சர்க்கார் ஊசிக்காரர் செல்ல முடியாதிருக்க, 1994ஆம் ஆண்டு முதல் மந்தைக்காரருள்ளேயே சிலர் பழக்கப்பட்டு, வெப்பத்தைத் தாங்கும் மருந்தைத் தாமே ஊசி குத்தினர். அங்கே நெடுங்காலம் நிலைத்திருந்த வியாதி விரைவில் அற்றுப்போயிற்று. படிப்பில்லாதவர் வியாதியைப் பிரித்தறியார் என்னும் எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுவதில்லை.

தேடுதலின் முடிவில் ஊசியை நிறுத்தவும் துணிந்தனர். ஊசியினால் காப்புப் பெற்ற மாட்டுக்கும் வியாதி கண்டு பிழைத்த மாட்டுக்கும் இரத்தப் பரீக்ஷையில் வேற்றுமை தெரியாது. ஊசியை நிறுத்திய பிறகே, புதிதாகப் பிறந்த கன்றுகளைப் பரீக்ஷித்து, கிருமி இன்னும் உலவுகிறதா இல்லையா என்று நிச்சயிக்க முடிந்தது.

ஆட்டுக்கொல்லி நோய்

வெக்கை நோய் போய்விட்டதாயினும் அதன் உறவு இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் 1942ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அது முதன்முதல் நிரூபிக்கப்பட்டது 1987ஆம் ஆண்டில், இப்போது விழுப்புரம் ஜில்லாவிலுள்ள அரசூரில், செம்மறியாட்டு மந்தையிலேயாம். அதுவரையில் ஆடுகளில் இக்குறிகள் கண்டால் வெக்கை நோயென்றே எண்ணுவது வழக்கம். அரசூரில் எடுத்த கிருமியினின்றே பின்னர் ஊசி மருந்தும் செய்யப்பட்டது. ஜுரம், மூக்கில் சளி ஒழுகிக் காய்ந்து அடைத்தல், வாய்ப்புண், கழிச்சல், இளைப்பு, சினையாடு கருச்சிதைதல் ஆகியவை இதன் குறிகள். ஊசி குத்தாத மந்தையில் பாதிக்கு மேல் மாள்வதும் உண்டு. மாடு வாங்க வகையற்ற விதவைகளும் கூலியாட்களும் நாலைந்து வெள்ளாடுகளையே தங்கள் சேமிப்பாகக் கொண்டிருக்கிறார்கள். ஒரு வார காலத்தில் அச்சேமிப்பு முழுவதையும் இவ்வியாதி கொண்டுபோய்விடும். உலகிலிருந்து இதனை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதென்று 2015ஆம் ஆண்டில் பல தேசத்தாரும் கூடித் தீர்மானித்திருக்கின்றனர்.

தேடும் முறை விளங்குதற்பொருட்டு ஒரு கிராமத்தை மாதிரிக்குக் கருதுக. கீழத்தெருக் குடியானவர் ஒருவர் மாதம் முதல் தேதி திங்கட்கிழமைச் சந்தையில் இரண்டு குட்டிகள் வாங்கினார். 6ஆம் தேதி அவற்றுள் ஒன்று தீனி எடுக்கவில்லை. கஷாயம் புகட்டி ஏரிக்கரை மேய்ச்சலுக்கே ஓட்டினார். 10ஆம் தேதி அது மாண்டது. 11ஆம் தேதி வியாபாரி ஒருவன் அத்தெருவில் நாலு ஆடுகளை வாங்கிச் சென்றான். 12ஆம் தேதி மேலத்தெருவில் மூன்று ஆடுகளும், அடுத்த நாள் ஐந்தும் படுத்தன. 13ஆம் தேதி மருத்துவருக்குச் செய்தி போயிற்று.

ஊரார் மேலத்தெருவையே காட்டுவர். அங்கேதான் நோயுற்றவை அதிகம். ஆனால் விசாரிப்பவர் எண்ணிக்கையைக் கேளாமல் தேதியைக் கேட்க வேண்டும். வீடு வீடாக, எந்த ஆடு எந்த நாளில் முதலில் தீனி விட்டது என்று எழுதி, தேதிப்படி அடுக்கினால், கீழத்தெருக் குட்டி தலைமேல் வந்து நிற்கும். கிருமி உடலில் புகுந்து குறி தோன்றச் சாதாரணமாக நாலு முதல் ஆறு நாள் செல்லும். மூன்று நாளிலும் தோன்றலாம், பத்து நாள் ஆவதும் உண்டு. 6ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முதல் தேதிச் சந்தை அக்காலத்துள் அடங்குகிறது. விற்றவர் ஊருக்குச் செய்தி போக வேண்டும். அங்கே இன்னும் எத்தனை ஆடுகள் படுத்திருக்கின்றனவோ?

பின்பு முன்னோக்கி எண்ண வேண்டும். 6 முதல் 10ஆம் தேதி வரை ஏரிக்கரையில் அக்குட்டியோடு மேய்ந்த ஆடுகள் எவையெவை? அவற்றிற்கு 20ஆம் தேதி வரையில் குறி தோன்றலாம். அதுவரை அவை வேறு மந்தையோடு சேரலாகாது. எல்லாவற்றிலும் அவசரமானது வியாபாரி கொண்டுபோன நாலு ஆடுகள். அடுத்த சந்தை 15ஆம் தேதி. செய்தி 13ஆம் தேதி கிடைத்ததனால் கையில் ஒரு நாள் இருக்கிறது. அவன் பட்டியிலேயே அவற்றை நிறுத்திவிடலாம். செய்தி 16ஆம் தேதி வந்திருக்குமாயின், அந்நாலும் நாலு ஊர்களுக்குப் போயிருக்கும். குட்டி தீனி விட்ட 6ஆம் தேதியே சொல்லியிருந்தால் மேலத்தெரு ஆடுகளுள் பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

ஊசி குத்துவதும் இவ்வரிசையறிந்தே நடைபெற வேண்டும். நோயில்லாத சுற்றுக் கிராமங்களில் தொடங்கி உள்நோக்கி வருவதே முறை. நோய் கண்ட தெருவில் முதலில் குத்திவிட்டு நல்ல மந்தைக்குச் செல்பவர், தம் உடையிலும் ஊசியிலும் வியாதியைக் கொண்டு செல்லக்கூடும். நாலு மாதம் நிறைந்த குட்டிகளுக்கு ஒருமுறை குத்தினால் மூன்று வருஷமேனும் காப்பு நிற்கும். ஒவ்வொரு வருஷமும் பிறந்த குட்டிகளுக்கு மட்டும் தவறாமல் குத்தி வந்தால் செலவும் குறைவு. கடைசி நோய் தீர்ந்தபின் 21 நாட்கள் கழியும் வரை ஊர் ஆடுகள் சந்தைக்குப் போகாமலிருப்பது உத்தமம்.

மறைத்தல்

இம்முறைக்குப் பெரிய விரோதி கிருமியன்று, மறைத்தலே. நோய் கண்ட ஆட்டை அரைவிலைக்காவது தள்ளிவிடுவோமென்று உடையவர் எண்ணுவது இயல்பு. சொன்னால் சந்தை மூடப்படும், அண்டை வீட்டார் பழிப்பர், தம் மந்தையை மட்டும் மேய்ச்சலுக்கு விடமாட்டார்கள் என்னும் அச்சமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி, தொத்து வியாதி என்று ஐயுறத்தக்க நோய் கண்டால் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ உடையவர் தெரிவிக்க வேண்டும்; நோயுற்றதைப் பிரித்து வைக்க வேண்டும். ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதனால் மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. முதலில் சொன்னவர் மற்றவரைவிட அதிக நஷ்டமடையும் ஊரில் இரண்டாவது ஆள் சொல்ல மாட்டார். கட்டி வைத்த மந்தைக்கு ஊரார் முறை வைத்துத் தழை கொண்டுவந்து போடுவதும், பஞ்சாயத்தார் உலர்தீனி கொடுத்து உதவுவதும் பெரிய செலவல்ல. இன்ஷியூரன்ஸ் செய்த மாட்டுக்குப் பணம் பெறவும் மருத்துவரின் சான்று வேண்டியிருப்பதால், மறைத்தவர் அதையும் இழப்பர்.

நிலத்தில் தங்கும் வியாதி

மேலே கூறிய முறை எல்லா வியாதிக்கும் அப்படியே பொருந்தாது. அடைப்பான் நோய் மாட்டோடு நடப்பதன்று, மண்ணிலேயே தங்குவது. மாலையில் நன்றாயிருந்த மாடு காலையில் மாண்டு, மூக்கிலும் மலவாயிலும் உறையாத கரிய இரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் என்றே கொள்ள வேண்டும். அதனை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் அம்மண்ணில் கிடக்கும். உரித்தவருக்கும் இறைச்சி உண்டவருக்கும் வியாதி வரும். காதின் நுனியிலிருந்து மருத்துவர் எடுக்கும் ஒரு துளி இரத்தமே பரீக்ஷைக்குப் போதும். பிணத்தை எரிக்கலாம், அல்லது நீர்நிலைக்குத் தூரமாக ஆறடி ஆழத்தில் புதைத்து, முள்வேலியிட்டு, அடையாளம் நாட்ட வேண்டும். இங்கே தேட வேண்டியது மாடு வந்த வழியையல்ல, மாடு மேய்ந்த இடத்தையே. பழைய குழி எங்கேயிருந்தது என்று ஊர் வெட்டியானுக்கே தெரிந்திருக்கும். அவர் காலத்திற்குப் பின் எவருக்கும் தெரியாது. ஆகையால் அதை எழுதி வைத்தல் அவசியம்.

கோமாரி வேறு விதம். அதன் கிருமியில் பல இனங்கள் உள்ளன. காப்பு ஆறு மாதத்துக்கு மேல் உறுதியில்லை. வண்டிச் சக்கரத்திலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு போகும். வெக்கையை ஒழித்ததுபோல் இதை ஒழிக்க இயலாமலிருப்பதற்கு இவையே காரணங்கள். 2019ஆம் ஆண்டில் ஒடிசாவில் முதலில் கண்டு, 2022இல் குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் பெருஞ்சேதம் விளைத்த தோல் கழலை நோயையோ கடிக்கும் ஈக்களும் கொசுக்களும் பரப்புகின்றன. பிரித்துக் கட்டுவதோடு தொழுவத்தில் புகை மூட்டுவதும் வேண்டும்.

கிராமத்தில் ஒரு குறிப்புப் புத்தகம்

வேண்டுவது ஒரு சாதாரணக் கோட்டுப் புத்தகமே. தேதி, தெரு, உடையவர், எந்தக் கால்நடை, என்ன குறி, கடந்த பதினைந்து நாட்களில் அத்தொழுவத்திற்கு வந்தவை, அங்கிருந்து போனவை என்ற பத்திகள் போதும். கடைசி இரண்டு பத்திகளே மிக முக்கியமானவை; அவையே பெரும்பாலும் காலியாக விடப்படுகின்றன. 2019ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி கால்நடைகளின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டப்பட்டு வருகிறது. விற்கும்போதும் வாங்கும்போதும் அவ்வெண்ணைப் பதியாவிட்டால், அவ்வில்லை மாட்டுக்குக் காதணியாக இருப்பதன்றி வேறு பிரயோஜனம் தராது.

வெக்கை நோயை நேரில் கண்ட மருத்துவர்கள் இப்போது அரியர். அதன் கிருமி உலகில் சில ஆராய்ச்சி சாலைகளில் மட்டும் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்திலுள்ள பிர்பிரைட் நிலையம் தன்னிடமிருந்த பெருந்தொகுதியை 2019ஆம் ஆண்டில் அழித்துவிட்டது. எனினும் மாட்டுக்குக் கடும் ஜுரமும் வாய்ப்புண்ணும் துர்நாற்றக் கழிச்சலும் ஒருங்கே காணின், வேறு நோயாயிருக்கலாமென்று வாளாவிருத்தல் தகாது. அன்றைக்கே அருகிலுள்ள கால்நடை மருத்துவசாலைக்கோ, 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கோ செய்தி சொல்ல வேண்டும். மருத்துவர் வரும் வரையில் அத்தொழுவத்தின் மாடுகளைப் பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டாமலிருப்பது நலம்.